கண்ணாடிப் போத்தலுக்குள்ள பூக்கண்டு: திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்வியள்

எங்கட விறாந்தையில இப்ப 23 போத்தல் நிக்குது. வாற ஆக்களுக்கெல்லாம் ஒரு கொப்பு முறிச்சுக் குடுத்துவிடுறது என்ர பழக்கம், பிறகு அவை போன் எடுத்து அது பழுக்குது இது மணக்குது எண்டு கேப்பினம், நானும் அதே பதிலை நாப்பதாந்தரம் சொல்லுவன். களைச்சுப் போட்டன். அதுதான் கேட்டவை கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். நான் இதைப் படிச்ச ஆள் இல்லை, கனக்கக் கண்டுகளைச் சாகடிச்சுப் பழகினதுதான். யாழ்ப்பாணத்து வெயிலுக்கும் யாழ்ப்பாணத்துத் தண்ணிக்கும் சரிவாறதை மட்டும்தான் சொல்லுறன்.

கண்ணாடிக்குள்ள வளக்கிறது எண்டா சும்மா தண்ணிக்குள்ள கொப்பை வைக்கிறது தானே?

அது ஒரு வகை. மண் இல்லாமல் வெறும் தண்ணியில வேர் விட்டு நிக்கிறது. மற்றது போத்தலுக்குள்ளயே மண் போட்டு, சின்னக் கண்டு நட்டு, மூடியும் போட்டு வைக்கிறது, அதுக்குத்தான் டெரேரியம் எண்டு பேர். இடையில மண் போட்டு மூடாமல் விடுற ஒரு வகையும் இருக்கு.

இந்த மூண்டுக்கும் பராமரிப்பு வேற வேற, ஆனா ஆக்கள் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறதாலதான் பாதி கண்டு சாகுது. நீங்கள் புதுசு எண்டா தண்ணிப் போத்தலில தொடங்குங்கோ. மூடின போத்தல் பாக்க வடிவு, ஆனா எங்கட சூட்டுக்கு அது கொஞ்சம் நுணுக்கமான வேலை.

எனக்குக் கைராசி இல்லை அக்கா, எந்தக் கண்டு வைச்சா சாகாது?

மணிப்பிளான்ற். வேற யோசிக்கவே வேண்டாம். கொடியைப் பாத்தீங்கள் எண்டா இலை தொடங்கிற இடத்தில ஒரு கணு இருக்கும், அதில மண்ணிறத்தில சின்ன மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டு நிக்கும், வேர் அதிலயிருந்துதான் வரும். அந்தக் கணுவுக்குக் கீழ வெட்டி, ஒண்டு ரெண்டு கணு தண்ணிக்குள்ள தாழுற மாதிரி வையுங்கோ. வெறும் இலையைக் காம்போட கிள்ளிக்கொண்டு போய் வைச்சிட்டு ரெண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்த ஒருத்தர் எங்கட ஒழுங்கையிலயே இருக்கிறார். இலை பச்சையா நிக்கும்தான், கொடி வராது.

அடுத்தது சிங்கோனியம், ஸ்பைடர் பிளான்ற், ஊதா இலையோட படர்ந்து தூங்கிற ட்ரடஸ்காந்தியா, பிறகு லக்கி பாம்பூ. லக்கி பாம்பூ மூங்கில் இல்லை, அது ட்ரசீனா இனம், ஆபிரிக்காப் பக்கத்துக் கண்டு. கடைக்காரர் சொல்லுற அதிர்ஷ்டக் கதைக்கு நான் பொறுப்பில்லை.

எந்தப் போத்தல் நல்லம்? காசு குடுத்து வாங்க வேணுமோ?

ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். ஜாம் போத்தல், கோப்பிப் போத்தல், ஹோர்லிக்ஸ் போத்தல் எல்லாம் காணும். நெல்லி ரசப் போத்தலும் சாராயப் போத்தலும் பாக்கத்தான் வடிவு, கழுத்து ஒடுக்கம், உள்ளுக்குக் கை போகாது. வேர் பெருத்தாப் பிறகு வெளிய எடுக்கவும் ஏலாது, சுவரைத் தேய்ச்சுக் கழுவவும் ஏலாது. கழுவிறது ஏன் முக்கியம் எண்டு நுளம்புக் கேள்வியில சொல்லுறன். உங்கட கை போற வாய் இருக்க வேணும், அவ்வளவுதான் கணக்கு.

ஊறுகாய்ப் போத்தல் எண்டா சவர்க்காரம் போட்டு நல்லாக் கழுவி ரெண்டு நாள் வெயிலில கவிட்டு வையுங்கோ, உப்பும் எண்ணெயும் மிஞ்சியிருந்தா வேருக்குக் கூடாது.

கிணத்துத் தண்ணி விடலாமோ? எங்கட கிணறு சவர்.

சவர்த்தண்ணி வேண்டாம். வாயில விட்டு உப்புக் கரிச்சா கண்டுக்கும் அது கரிக்கும், இலை நுனி முதலில காயும், பிறகு ஓரம் எல்லாம் கருகும். நல்லதண்ணிக் கிணறு எண்டா தாராளமா விடலாம். ஆனா எங்கட தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால ஊறி வாறது, கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிற அதே சாமான் போத்தலிலயும் தண்ணி மட்டத்தில வளையமாப் படியும். அது கண்டைக் கொல்லாது, வடிவைத்தான் கெடுக்கும். பாதித் தேசிக்காயால தேய்ச்சுக் கழுவினாப் போயிடும்.

எல்லாத்திலயும் திறம் மழைத்தண்ணி. ஐப்பசி கார்த்திகையில கூரைத் தண்ணி விழேக்க, முதல் மழையை விட்டிட்டு பிறகு வாறதைப் பிடிச்சு இறுக்கி மூடி வையுங்கோ, நான் ரெண்டு பெரிய கான் நிரப்பி வைச்சா மாசிப் பங்குனி வரைக்கும் இழுக்கும். பைப் தண்ணியோ, குளோரின் போட்ட கிணத்துத் தண்ணியோ எண்டா வாளியில பிடிச்சு ஒரு இரவு திறந்து வைச்சிட்டு அடுத்தநாள் விடுங்கோ, குளோரின் மணம் பறந்திடும்.

தண்ணியை எத்தினை நாளைக்கு ஒருக்கா மாத்திறது? நுளம்பு வராதோ? பீ.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தா வழக்குப் போடுவார் எண்டு அம்மா பயப்பிடுறா.

அம்மா பயப்பிடுறது நியாயம். டெங்கு நுளம்புக்கு ஊத்தைத் தண்ணி தேவையில்லை, வீட்டுக்குள்ள நிக்கிற இந்தத் தெளிஞ்ச தண்ணிதான் அதுக்கு விருப்பம். முட்டையில இருந்து பறக்கிற நுளம்பா வர எங்கட சூட்டுக்கு ஒரு கிழமை, பத்து நாள் காணும். அதால ஆறு நாளைத் தாண்ட விடாதேங்கோ. நான் செவ்வாயும் வெள்ளியும் எண்டு வைச்சிருக்கிறன், கிழமை மறக்காது.

கனபேர் விடுற பிழை, தண்ணியை ஊத்திப்போட்டு புதுத்தண்ணி விடுறதோட நிப்பாட்டுறது. முட்டை தண்ணியில மிதக்கிறேல்லை, தண்ணி மட்டத்துக்குச் சற்று மேல கண்ணாடிச் சுவரில கறுப்புப் புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்கும், தண்ணி இல்லாமல் காய்ஞ்சாலும் மாதக்கணக்கில சாகாது, திரும்பத் தண்ணி முட்டினவுடன பொரிக்கும். அதுதான் உள்சுவரைப் பழைய துணியாலயோ தும்பாலயோ தேய்ச்சுக் கழுவச் சொல்லுறன். வேரையும் பைப்புக்குக் கீழ பிடிச்சு ஒருக்கா அலசிவிடுங்கோ. பிறகு வாயைக் கொடியைச் சுத்திப் பஞ்சாலயோ வலைத்துணியாலயோ அடைச்சுவிட்டா இன்னும் நல்லம்.

நான் ஒருக்கா ஒரு கலியாணத்துக்குக் கொழும்புக்குப் போய் பன்ரண்டு நாள் நிண்டிட்டு வந்து பாத்தா, சாமியறைப் போத்தலுக்குள்ள குடம்பி சுருண்டு சுருண்டு நீந்துது. சாமியறையில! அண்டையில இருந்து வெளியூர் போகேக்க எல்லாப் போத்தல் தண்ணியையும் ஊத்திப்போட்டு, வேரை ஈரத்துணியில சுத்தி பொலித்தீன் பையுக்க வைச்சிட்டுத்தான் போறது. ரெண்டு கிழமை தாங்கும்.

போத்தல் பச்சையா வருது, அது கண்டுக்குக் கூடாதோ?

பாசி. வெளிச்சமும் தண்ணியில சத்தும் இருந்தா அது வரும். கண்டைக் கொல்லாது, ஆனா வேரைச் சுத்திப் போர்வை மாதிரிப் பிடிக்கும். போத்தலை வெளிச்சத்தில இருந்து ஒரு முழம் உள்ளுக்குத் தள்ளுங்கோ, இல்லாட்டி மண்ணிறப் போத்தல், பச்சைப் போத்தல் பாவியுங்கோ.

தோட்டக் கிணறு எண்டா பாசி இன்னும் வேகமா வரும். கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் எண்டு வெங்காயமும் புகையிலையும் உருளைக்கிழங்கும் செய்யிற இடங்களில போட்ட உரம் மழையோட மண்ணுக்குள்ள இறங்கி நைத்திரேற்றாக் கிணத்துக்குத்தான் வருது. குடிதண்ணியில ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல நைத்திரேற்று இருக்கக்கூடாது எண்டுறது உலக சுகாதார நிறுவனத்தின்ர அளவு, வலிகாமத்தில கன கிணறு அதைத் தாண்டியிருக்கு. குடிக்கிற எங்களுக்கு அது கவலை, மணிப்பிளான்றுக்கு அது விருந்து.

இலை பழுக்குது. உரம் போட வேணுமோ?

எந்த இலை எண்டு முதல் பாருங்கோ. அடியில இருக்கிற பழைய இலை மாசத்துக்கு ஒண்டு பழுத்தா அது வயசு, கிள்ளி எறியுங்கோ. அடி இலை ஒண்டுக்குப் பின்னால ஒண்டாப் பழுத்து, வாற புது இலையும் சின்னனா வெளிறி வந்தா சத்துக் காணாது. இலை பழுத்து தண்டும் மெதுமெதுண்டு இருந்தா அது அழுகல், அதுக்கு அடுத்த கேள்வியைப் பாருங்கோ.

உரம் எண்டா மண்ணில்லாமல் வளக்கிறதுக்கு விக்கிற அல்பேட்ஸ் காணும். பைக்கற்றில போட்டிருக்கிற அளவில காலே காலைக் கரைச்சு மாசத்துக்கு ஒருக்கா விடுங்கோ. யூரியா போடாதேங்கோ, மண்ணில எண்டா அதை மாத்திக் குடுக்கக் கிருமியள் இருக்கு, போத்தல் தண்ணியில கண்டு அதை நேர எடுக்கிறது குறைவு, மிச்சம் பாசிக்குத்தான் போகும். மேல சொன்ன தோட்டக் கிணறு உங்கடது எண்டா உரத்தைப் பற்றி மூச்சும் விடாதேங்கோ.

வேர் கறுத்து, தண்ணி மணக்குது. எறியிறதோ?

எறியாதேங்கோ. தண்ணிக்குள்ள காத்து இல்லாமல் போனா வேர் அழுகும், சூட்டுத் தண்ணியில காத்து குறைவாத்தான் கரைஞ்சு நிக்கும், அதால சித்திரை வைகாசியில இது கூட. கறுத்து வழுவழுத்த வேரை எல்லாம் வெள்ளை தெரியும் வரைக்கும் கத்திரிக்கோலால வெட்டுங்கோ, தண்டும் கறுத்திருந்தா நல்ல கணுவுக்கு வந்து வெட்டுங்கோ. புதுத்தண்ணியில வைச்சு ஒரு கிழமைக்கு நாளாந்தம் மாத்துங்கோ. முக்கியமா முழு வேரையும் முக்கி வைக்காதேங்கோ, மேல கால்வாசி வேர் காத்தில நிக்கட்டும். இலை எதுவும் தண்ணிக்குள்ள தாழக்கூடாது, அழுகல் அதில இருந்துதான் தொடங்கும்.

மூடின போத்தலுக்குள்ள தண்ணியே விடாமல் எப்பிடி உயிரோட நிக்குது? பொய்தானே?

பொய் இல்லை. இலை விடுற நீராவி கண்ணாடியில வேர்த்து, வழிஞ்சு, திரும்ப மண்ணுக்குப் போகுது. பகலில வெளிச்சத்தில ஒட்சிசன் விடும், இரவில அதையே மூச்சுக்கு எடுக்கும். இதைக் கண்டுபிடிச்சது ஒரு லண்டன் டொக்டர், நதானியேல் பாக்ஷோ வார்ட். அந்தக் காலத்து நிலக்கரிப் புகையில அவற்ற தோட்டத்துப் பன்னமெல்லாம் செத்துப்போக, 1829ல ஒரு அந்துப்பூச்சிக் கூட்டை ஈரமண்ணில வைச்சு மூடின போத்தலுக்குள்ள தற்செயலாப் பன்னம் முளைச்சதைக் கண்டார். பிறகு கண்ணாடிப் பெட்டி செய்து 1833ல சிட்னிக்குக் கப்பலில கண்டு அனுப்பி, அது மாதக்கணக்கில கடலில கிடந்தும் உயிரோட போய்ச் சேர்ந்தது. எங்கட நாட்டு றப்பரும் அப்பிடித்தான், 1876ல லண்டன் கியூ தோட்டத்தில இருந்து இந்த வார்டியன் பெட்டியளில வந்த கண்டுகளைத்தான் கம்பஹாவில ஹெனரத்கொடத் தோட்டத்தில நட்டவை.

செய்யிற முறை லேசு. அடியில ரெண்டு விரல் உயரத்துக்குச் சல்லி, மேல தும்புத்தூளும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்தது, கையில பிடிச்சா உருண்டையா நிக்க வேணும், தண்ணி சொட்டக்கூடாது. சின்னப் பன்னம், பிற்றோனியா, சுவரில படருற பாசி (தண்ணிப் போத்தலைப் பச்சையாக்கிற பாசி இல்லை) இதுகள் நிக்கும். பாசிக்கு நான் மார்கழியில எங்கட கிணத்துக்கட்டைச் சுரண்டுவன், வடக்குப் பக்கத்துச் சுவரில ஈரம் காயாத இடத்தில பச்சைக் கம்பளம் மாதிரிப் பிடிச்சிருக்கும், ஒரு தட்டுத்தகடு குடுத்து மெல்லக் கிளப்பினா முழுசா வரும். கற்றாழை, கள்ளி வகையை மூடின போத்தலுக்குள்ள வைக்கவே வேண்டாம், ரெண்டு கிழமையில களியாப்போகும்.

மூடின போத்தலுக்குள்ள சிரட்டைக் கரி கட்டாயம் போட வேணுமோ?

கட்டாயம் இல்லை. வீடியோவில காட்டுறது செயற்பாட்டுக் கரி, மணத்தையும் அழுக்கையும் உறிஞ்சவெண்டே செய்யிறது, எங்கட அடுப்புக் கரி அந்தளவுக்கு உறிஞ்சாது. கழுவிப் போட்டா கெடுதியும் இல்லை. மண்ணெண்ணெய் ஊத்தி மூட்டின கரி மட்டும் வேண்டாம்.

போத்தல் ஒரே வேர்த்துக்கொண்டு நிக்குது, உள்ளுக்க ஒண்டும் தெரியேல்லை. வெள்ளையாப் பூஞ்சணமும் பிடிக்குது.

காலமை வேர்த்து மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சா சரியான அளவு. நாள் முழுக்க வழிஞ்சா தண்ணி கூட, மூடியை ரெண்டு மூண்டு மணித்தியாலம் திறந்து வைச்சு, பேந்து மூடுங்கோ, ரெண்டு நாள் அப்பிடிச் செய்யுங்கோ. வேர்வையே இல்லையெண்டா ஒரு தேக்கரண்டி தண்ணி, ஒண்டே ஒண்டு.

பூஞ்சணம் முதல் மாசத்தில கன போத்தலில வரும். செத்த இலையில, காய்ஞ்ச குச்சியில தொடங்கும், அதைக் கிள்ளி எடுத்தா அடங்கும். மண்ணுக்குள்ள துள்ளுற வெள்ளைப் பொடிப் பூச்சி கண்டா மருந்து அடிக்காதேங்கோ, அது பூஞ்சணத்தைத் தின்னுற சீவன்.

யன்னலடியில வைக்கச் சொல்லி யூரியூப்பில சொல்லுறாங்கள், நான் வைச்சன், அவிஞ்சு போச்சு.

அந்த வீடியோ எடுக்கிறவைக்கு ஆறு மாசம் குளிர், அவைக்குக் கண்ணாடி போர்வை. எங்களுக்கு அது அடுப்பு. நான் முதல்முதல் செய்த மூடின போத்தலைக் கிழக்கு யன்னல் தட்டில வைச்சிட்டு, சித்திரை வருஷத்துக்கு முதல்நாள், வீடு கழுவுற அவசரத்தில மறந்திட்டன். பத்து மணி போல போத்தலைத் தொட்டா ரீக் கப் மாதிரிச் சுடுது. பின்னேரம் திறக்க அவிச்ச கீரை மணம். பன்னம் அப்பிடியே மண்ணிறமாச் சரிஞ்சு கிடந்துது.

நேர் வெயில் ஒரு பொட்டும் படக்கூடாது, ஆனா இருட்டறையும் வேண்டாம். அந்த இடத்தில இருந்து லைற் போடாமல் பேப்பர் வாசிக்க ஏலும் எண்டா வெளிச்சம் காணும். வடக்குப் பக்க யன்னலும், விறாந்தையின்ர உள்மூலையும் திறம். உருண்டைக் கண்ணாடியில தண்ணி நிரப்பி வெயிலில வைக்கிறது இன்னொரு ஆபத்து, பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவிச்சு யன்னல் சீலையைக் கருக்கிப்போடும்.

நுவரெலியாவுக்குப் போன இடத்தில வாங்கின கண்டு ரெண்டு கிழமையில செத்துப்போச்சு, என்ன பிழை விட்டன்?

வாங்கினது பிழை. அங்க உள்ள குளிருக்கு வளந்தது இஞ்ச வைகாசி இரவைத் தாங்காது, போத்தலுக்குள்ள எண்டா இன்னும் மோசம். ஹோர்ட்டன் சமவெளியில பாசி பிடுங்கிக்கொண்டு வாறது பற்றியும் ஒரு தம்பி கேட்டவர், அது தேசிய பூங்கா, ஒரு இலை எடுக்கவும் சட்டம் விடாது. எங்கட கிணத்துக்கட்டு இருக்க அங்க ஏன் போறியள்?

கசூரினா கடற்கரையில பொறுக்கின சிப்பியும் வெள்ளைக் கல்லும் போத்தலுக்குள்ள போடலாமோ? கழுவிட்டன்.

கழுவினா உப்புப் போகும், சுண்ணாம்பு போகாது. சிப்பியும் முருகைக்கல்லும் முழுக்கச் சுண்ணாம்பு, தண்ணியில மெல்ல மெல்லக் கரையும். ஏற்கனவே சுண்ணாம்புத் தண்ணி விடுற எங்களுக்கு அது மேலதிகம், புது இலை நரம்பு பச்சையாயும் இடையில மஞ்சளாயும் வரத்தொடங்கும், ஏனெண்டா சுண்ணாம்பு கூடினா கண்டு இரும்புச்சத்தை எடுக்க ஏலாமல் போகும். ஒரு துளி தேசிக்காய்ப்புளி விட்டுப் பாருங்கோ, நுரைச்சா அது போத்தலுக்குள்ள வேண்டாம், வெளிய அடுக்கி வையுங்கோ. கருங்கல் சல்லி நுரைக்காது, அது போடலாம்.

நுளம்புக்கு ஒரு கப்பி மீன் விட்டா தண்ணி மாத்தத் தேவையில்லை தானே?

மீன் குடம்பியைத் தின்னும், உண்மை. ஆனா ஜாம் போத்தல் மீனுக்கு வீடு இல்லை, அதின்ர கழிவே அதுக்கு நஞ்சாகும். மீனுக்கெண்டும் தண்ணி மாத்தத்தான் போறியள், பிறகு என்ன லாபம்?

பூனை இலையைக் கடிச்சுப்போட்டுது. பிள்ளையும் தவழத் தொடங்கிட்டான்.

மணிப்பிளான்ற், சிங்கோனியம் ரெண்டிலயும் ஊசி மாதிரிக் கல்சியம் ஒக்சலேற்றுப் பளிங்கு இருக்கு, கடிச்சா வாய் எரிஞ்சு வீங்கும், எச்சில் வடியும். வாயைக் கழுவிவிட்டு, வீக்கம் கூடினா, விழுங்கக் கஷ்டப்பட்டா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. ஸ்பைடர் பிளான்ற் பூனைக்கும் பிள்ளைக்கும் நஞ்சில்லை.

அதைவிடப் பயம் திருவிழாக் கடையளில விக்கிற கலர் ஜெல் மணி. தண்ணியில ஊதிப் பெருக்கிற சாமான், பிள்ளை விழுங்கினா வயித்துக்குள்ளயும் ஊதும், குடலை அடைக்கும். தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுக்குள்ள அது வரவே வேண்டாம்.

தண்ணியில நல்லா வளந்ததை மண்ணில நட்டன், வாடிப்போச்சு. ஏன்?

தண்ணியில வந்த வேர் மெல்லிசு, மண்ணுக்குப் பழகாதது. ஒரு விரல் நீள வேரோடயே மாத்துங்கோ, ஒரு வருஷம் விட்டிட்டு மாத்தினாக் கஷ்டம். முதல் ரெண்டு கிழமை மண் எப்பவும் ஈரமா இருக்கட்டும், பிறகு மெல்லமெல்லக் குறையுங்கோ.

சாப்பிடுற சாமான் ஏதும் வளக்கலாமோ?

வல்லாரை. வேரோட ஒரு கொடியை அகலக் கிண்ணத்தில வையுங்கோ, பரவும். பொன்னாங்காணியும் கணுவில வேர் விடும். சம்பலுக்குக் காணுற அளவு வருமெண்டு நினைக்காதேங்கோ, எனக்கு வந்தது ஒரு நாளைக்கு ஒரு பிடி, அதையும் மாமி பாத்துச் சிரிச்சவ. கறிவேப்பிலைக் கொப்பு தண்ணியில லேசில வேர் விடாது, முயற்சி செய்து நாளை வீணாக்காதேங்கோ.

கனடாவில இருந்து வந்த அக்கா ஒரு மூடின போத்தலை அப்பிடியே கொண்டுபோகக் கேக்கிறா. விடுவாங்களோ?

விடாங்கள். மண்ணோட எந்தக் கண்டையும் கனடாவுக்குள்ள கொண்டுபோக ஏலாது, மண்ணுக்குள்ள கிருமியும் புழுவும் போகும் எண்டு. மண்ணைக் கழுவின கண்டுக்கும் இஞ்ச தாவரத் தொற்றுநீக்கப் பகுதியில சோதிச்சு எடுத்த சான்றிதழ் வேணும், அதோட அங்கத்தைய அனுமதியும் வேணும். வார்ட்டின்ர காலத்தில பெட்டி பெட்டியாக் கொண்டு திரிஞ்சவை, அப்ப ஆர் தடுத்தது.

எங்கட அக்காவும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிக்கேக்க இதையே கேட்டு அடம்பிடிச்சவ. கடைசியில நெல்லி ரசப் போத்தல் ஒண்டைக் கழுவிக் காய வைச்சு, உடுப்புக்க சுத்தி, வெறும் போத்தலாக் கொண்டுபோனவ. போன கிழமை ஸ்கார்பரோவில ஆரோ ஒரு அன்ரி வீட்டுக் கொடியை அதுக்குள்ள வைச்சுப் படம் அனுப்பியிருக்கிறா, கணு தண்ணிக்கு மேல நிக்குது, மேல இருக்கிற ரெண்டாவது பதிலை வாசிக்கச் சொல்லியிருக்கிறன்.